பின்சீட்டில் கட்டையோடு ஒருவர்

நம் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி இப்போதைய மேனேஜர் கேட்டார். "உங்க அனுபவத்த எழுதுங்க சார், பசங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும்" என்றார். ஊக்கம் வருமா என்று எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, வாசலில் 'நேர்மையின் மறுபெயரே' என்று என் படத்தோடு ஒரு பேனர் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே மேனேஜராக இருந்தபோது ஏழு பேர் உட்காரும் ஒரு பெரிய வண்டி நம்மிடம் விற்பனைக்கு வந்தது. பெயர் வேண்டாம், கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. நம் பக்கத்து ஜனங்கள் அதற்கு 'யானை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருப்பவர்கள், லப்பைக்குடிக்காட்டில் துபாயிலிருந்து திரும்பியவர்கள், அரியலூர் காண்டிராக்டர்கள் என்று வசதி உள்ளவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். வாங்கிய சில மாதங்களில் எல்லோரும் ஒரே புகாரோடு வந்தார்கள்.

"சார், பெடல் கல்லு மாதிரி ஆயிடுது."

"திடீர்னு கால வச்சா மிதிபடல சார். ரெண்டு காலையும் சேத்து ஏறி நின்னாத்தான் நிக்குது."

லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வல்லாஹி, அல்லா மேல ஆணையா சொல்றேன் சார். பாலைவனத்துல ஒட்டகம் மேல கூடப் போயிருக்கேன். இழுத்துப் புடிச்சா அது நின்னுச்சு. இது நிக்கல."

ஒவ்வொரு வண்டியையும் நாங்கள் டெஸ்ட் டிரைவ் எடுத்தோம். எப்படி எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். டீசல் வீணாகக் கூடாது என்று முதலாளி ஒரு விதி போட்டிருந்தார்: டெஸ்ட் டிரைவில் ஏ.சி. போடக் கூடாது, ஒரு ஆள்தான் போக வேண்டும், சர்வீஸ் ரோட்டின் முனை வரை போய்த் திரும்பிவிட வேண்டும். அந்த ரோட்டில் முன்பு ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருந்தது. டெலிவரிக்குப் போகும் புது வண்டிகளின் அடியில் தட்டுகிறது என்று நாங்களே கடப்பாரை வைத்துப் பெயர்த்துவிட்டோம். ஆக, காலி வண்டியை, காலை நேரத்தில், ஏ.சி. இல்லாமல், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்து, பிரேக் அருமையாகப் பிடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வாங்கியவர்களோ அதில் மாமியார், மைத்துனர், அரிசி மூட்டை, பலாப்பழம் எல்லாவற்றையும் ஏற்றி, ஏ.சி.யை முழுதாக வைத்து, வீட்டுக்கு வீடு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருக்கும் ஊர்களுக்குள் உச்சிவெயிலில் ஓட்டினார்கள். அவர்கள் ஓட்டிய வண்டியும் நாங்கள் ஓட்டிப் பார்த்த வண்டியும் ஒன்றே அல்ல என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான் இன்ஜினியரிங் படித்தவன். எனக்கும்தான்.

புகார் அதிகமானதும் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தார். எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று யாராவது உண்டென்றால் அவர்தான். பெயரைச் சொல்ல விருப்பமில்லை. நல்ல சட்டை, நல்ல வாசனை, எதற்கும் பதறாத குரல். என் அறையில் உட்கார்ந்து பாதாம் பால் குடித்துக்கொண்டே ஒரு பாடம் எடுத்தார்.

"சார், 'கோளாறு'ங்கற வார்த்தையே உங்க வாயில வரக் கூடாது. 'வண்டியோட சுபாவம்'னு சொல்லுங்க."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"கோளாறுன்னா நாம சரி பண்ணணும். சுபாவம்னா அவங்க பழகிக்கணும்."

அதைக் கேட்டு நான் வியந்தேன். எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று தோன்றியது. அன்று மதியமே அந்த வார்த்தையைப் பயன்படுத்த ஆரம்பித்தேன். புகாரோடு வந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காண்டிராக்டர் ஒருவர், "எங்க மாமனாருக்கும் இதே சுபாவம்தான் சார். ஆனா அவர நான் லோன் போட்டு வாங்கல" என்றார். இன்னொருவர் வண்டியின் சுபாவம் திருந்த வேண்டுமென்று கறுப்பு ஆடு நேர்ந்துகொண்டார். ஆட்டை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் வழியிலும் பெடல் கல்லாகி, வண்டி கோயிலைத் தாண்டிப் போய்த்தான் நின்றதாம். ஆட்டுக்கு அன்றைக்கு ஆயுசு கெட்டி.

ரெட்டிபாளையம் தங்கராசு வேண்டுதலில் இறங்கவில்லை. அவருக்கு லாரிகள் உண்டு. மேட்டில் லாரி நின்றால் கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுவான், பார்த்திருப்பீர்கள். தங்கராசு தன் பழைய லாரி கிளீனர் ஒருவரைக் கட்டையோடு கூட்டிவந்து யானையின் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டார். தோல் சீட், குளுகுளு ஏ.சி., மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை. அதற்குக் கீழே லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர், மடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய வேலமரக் கட்டையைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு. வண்டி மெதுவானதும் அவர் கதவைத் திறந்து குதிப்பார், கூடவே ஓடுவார், சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளுவார். பிறகு தங்கராசு வெள்ளை வேட்டியோடு கம்பீரமாக இறங்குவார்.

"என்ன தங்கராசு இது?" என்று கேட்டேன்.

"சுபாவம்னு சொன்னீங்கல்ல சார். பழகிக்கிட்டேன்."

விஷயம் அதோடு நிற்கவில்லை. கல்யாண மண்டபங்களில் தங்கராசு வந்து இறங்கும் தோரணையைப் பார்த்து மற்றவர்களும் ஆள் வைக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் கட்டை போட ஆள் இல்லாமல் வருபவன் யானைக்காரனே இல்லை என்றாகிவிட்டது. பிரேக்கில் எந்தக் குறையும் இல்லாத வேறு கம்பெனி வண்டி வைத்திருந்த ஒருவர், கௌரவத்துக்காகத் தேக்கில் கட்டை செய்து பாலிஷ் போட்டு வைத்திருந்ததை நானே பார்த்தேன். நாங்கள் சர்வீஸ் சென்டரில் விழுந்து விழுந்து சிரித்தோம். பயத்துக்கு ஜனங்கள் பழகிக்கொண்டதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏலாக்குறிச்சியிலிருந்து டீச்சர் வந்தார். அறிவியல் ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அவருக்கு இந்த வண்டியை வாங்கிக் கொடுத்திருந்தான். ஓட்டுவதற்குச் சவரிமுத்து இருந்தான். நாற்பது வயது, மெலிந்த ஆள், சட்டையின் மேல் பித்தான் வரை போட்டிருப்பான். பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ் எல்லாம் ஓட்டியவன். ஒரு சின்னக் கீறல்கூட அவன் பெயரில் கிடையாது என்று டீச்சர் தன் மகனைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொல்வார்.

"சார், ஆள் நெறைய ஏறினா வருது. ஏ.சி. போட்டா வருது. ஸ்பீடு பிரேக்கர் வரிசையா இருக்கற எடத்துல வருது. மூணும் சேந்தா கண்டிப்பா வருது. எங்க ஊர் ஜெபமாலை சபைக்காரங்கள ஏத்திட்டுப் போறப்பல்லாம் பாத்துட்டேன்" என்றார் டீச்சர்.

இதைவிடத் தெளிவாக ஒரு புகார் யாரும் சொல்ல முடியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது வண்டியோட சுபாவம் டீச்சர்."

"சுபாவம்னா திருத்தலாம் சார். என் வேலையே அதானே. வச்சிருந்து திருத்திக் குடுங்க."

சவரிமுத்து சாவியை என் கையில் கொடுத்தான். "சார், எம் மேல ஏதும் தப்பு இருந்தாலும் சொல்லிடுங்க. வயசானவங்கள ஏத்திட்டுப் போறேன், பயமா இருக்கு" என்றான்.

வண்டி வார இறுதி வரை நம் கொட்டகையில் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை, செந்துறைப் பக்கம் என் மனைவியின் அக்கா வீட்டில் பேரனுக்குக் காது குத்து. அவள் தங்கையைக் கட்டிய சகலை குடும்பம் எங்களைப் போலப் பெரம்பலூரில்தான் இருந்தது. எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தோம். கொட்டகையில் யானை சும்மா நிற்கிறதே என்று எனக்குப் புத்தி போயிற்று. நீண்ட தூர டெஸ்ட் என்று வாட்ச்மேனிடம் சொல்லி எடுத்துவந்தேன்.

ஏறும்போதே என் மனைவி கேட்டாள். "ஏங்க, இது யாரு வண்டி?"

"டெஸ்டுல இருக்கற வண்டி."

"அப்ப நாங்கதான் டெஸ்டா?"

பட்டுப்புடவைகள், சீர்வரிசைத் தட்டு, சகலையின் அம்மா, இரண்டு வாழைத்தார். மாசி வெயில் சுள்ளென்று அடித்தது. "ஏ.சி. இல்லாமயா இம்மாம் பெரிய வண்டி?" என்று சகலையின் அம்மா கேட்டார். போட்டேன். குன்னம் தாண்டியதும் ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றிலும் மிதித்து மிதித்துப் போனேன். ஒரு வளைவு திரும்பினால் முன்னால் ரோட்டின் பாதியை அடைத்து மக்காச்சோளம் காய்கிறது. நம் பக்கம் அறுவடை சமயத்தில் ரோடுதானே களம். மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது.

அந்த நொடியில் என் நினைவுக்கு வந்தது படிப்போ அனுபவமோ இல்லை. "பாலைவனத்துல ஒட்டகம் கூட நின்னுச்சு" என்று பாய் சொன்னதுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே, ஓரத்தில் குவித்து வைத்திருந்த சோளக் குவியலுக்குள் வண்டியை விட்டேன். முன்பக்கம் முழுதாகப் புதைந்து நின்றது. கண்ணாடி மேலெல்லாம் மஞ்சள் மணி கொட்டியது. வாழைத்தார் இரண்டும் முன்சீட்டுக்கு வந்துவிட்டன. யாருக்கும் அடியில்லை.

சாக்கு பிடித்துக்கொண்டிருந்த அம்மாள் விளக்குமாற்றோடு வந்தார்.

"பாத்தா படிச்ச மனுசனாட்டம் இருக்க. இத்தாம்பெரிய ரோடு உனுக்குப் பத்தலயா? நாளெல்லாம் காயவச்சு அள்ளிக் குமிச்சா, ஊடால வந்து வுழுந்து கெடக்குற!"

"பிரேக் புடிக்கலம்மா."

"புடிக்காத வண்டியில பொண்டு புள்ளைய ஏத்துவியா நீ? எறங்கு. எறங்கி வந்து எல்லாத்தையும் அள்ளு."

பட்டுப்புடவைகளோடு எல்லோரும் இறங்கிச் சோளம் அள்ளினோம். சகலையின் அம்மா அள்ளியதில் ஒரு பங்கைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "வறுத்தா நல்லாருக்கும்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் ஒரு ரப்பர் ஹோஸ் உண்டு. அதன் வழியாக இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால்தான் பெடல் லேசாக மிதிபடுகிறது. அந்த ஹோஸ் ஏ.சி.யும் பாரமும் ஏற்றிய இன்ஜின் சூட்டில் இளகி, கெட்டியான சர்பத்தை உறிஞ்சும்போது ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வது போலச் சப்பையாக ஒட்டிக்கிடந்தது. கையால் தொட்டேன், சுட்டது. கொஞ்ச நேரம் ஆறியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி உருண்டையாகிவிட்டது. இத்தனை நாள் எங்களில் ஒருவரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன். சோளத்தில் முழங்கால் வரை நின்றுகொண்டு கண்டுபிடித்தேன்.

திங்கட்கிழமை நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏரியா மேனேஜருக்குப் போன் செய்து, "ஹோஸ் தான் சார்" என்று சொல்ல வேண்டும். போனை எடுத்தேன். எடுத்ததும் அவர் கேட்கப்போகும் கேள்விகள் எனக்குக் கேட்டன. எங்கே பார்த்தீங்க? ஏ.சி. போட்டீங்களா? வண்டியில எத்தனை பேர்? ஞாயித்துக்கிழமையா? யார் அனுமதி? அந்த ஹோஸ் நம் ஸ்டோரில் இல்லை. வரவழைக்கவும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கஸ்டமர் வண்டியில் குடும்பத்தோடு காது குத்துக்குப் போன மேனேஜர் என்று பெயர் வாங்குவதைவிடச் சும்மா இருப்பது சுலபமாக இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

வண்டியை நன்றாகக் கழுவச் சொன்னேன். கழுவிய பையன், "சார், எங்க தொட்டாலும் சோளமா வருது" என்றான். எலி கொண்டுவந்து போட்டிருக்கும் என்றேன். சவரிமுத்து வந்தான். "பாத்தாச்சு, ஓட்டலாம்" என்று சாவியைக் கொடுத்தேன். அவன் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

சித்திரையில் டீச்சர் சபைக்காரர்களோடு வரதராஜன்பேட்டை மாதா கோயிலுக்குப் பூசை பார்க்கப் புறப்பட்டார். சிமெண்ட் லாரிகளுக்காக வரிசையாக ஸ்பீடு பிரேக்கர் போட்ட ரோடு. நல்ல வெயில், ஏ.சி., வண்டி நிறைய ஆள். மூன்றும் சேர்ந்தால் கண்டிப்பாக வரும் என்று டீச்சரே சொன்னாரே, வந்துவிட்டது. முன்னால் லாரி நிற்க, சவரிமுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து ரோட்டை விட்டு ஒடித்தான். வண்டி ஒரு கல்யாண பேனரைக் கிழித்துக்கொண்டு, மாப்பிள்ளை பெண் இருவருடைய முகத்தையும் முன்னால் போர்த்திக்கொண்டு, கருவேல முள்ளுக்குள் போய் நின்றது. உள்ளே இருந்த பாட்டிமார்கள் ஜெபமாலையை நிறுத்தவே இல்லையாம். டீச்சருக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

கூடிய கூட்டம் கருவேலத்தையும் கிழிந்த பேனரையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருக்கான்."

வண்டியை நம்மிடம்தான் இழுத்துவந்தார்கள். டீச்சர் கையில் மாவுக்கட்டோடு வந்தார். சவரிமுத்து நாலடி தள்ளி நின்றான். நான் வண்டியில் ஏறி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக் காட்டினேன். இரவெல்லாம் ஆறிக் குளிர்ந்து கிடந்த வண்டி. பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது.

"உண்மையச் சொல்லுங்க சார். இவன் மேல தப்பா?" என்று டீச்சர் கேட்டார்.

"பிரேக் நல்லா இருக்கு டீச்சர். வண்டியில ஒண்ணும் இல்ல."

சவரிமுத்து என்னையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தானே தப்பாக மிதித்துவிட்டோமோ என்று யோசிக்கிறவன் முகம் அது. நான் சொன்னதை அவன் நம்பிவிட்டான்.

"சார் படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்றான்.

அன்றோடு டீச்சர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதை வைத்துத்தான் செய்தார்.

இன்சூரன்ஸுக்காக வண்டி வெட்டவெளியில் நின்றது. கோடை மழை பெய்தது. ஒரு வாரம் கழித்து மெக்கானிக் ஒருவன் ஓடிவந்தான்.

"சார், பம்பர்ல பயிர் வந்திருக்கு!"

போய்ப் பார்த்தேன். நசுங்கிய பம்பரின் இடுக்கிலிருந்து பச்சைப் பசேலென்று மக்காச்சோளம் முளைத்து நின்றது. கண்ணாடிக்குக் கீழே துடைப்பான் இருக்கும் பள்ளத்திலும் நாலைந்து. எல்லோருக்கும் கொண்டாட்டம். ஒருவன் செல்ஃபி எடுத்தான். ஒருவன், "வி.ஏ.ஓ.வ வரச் சொல்லிப் பயிர்க் கணக்கு அடங்கல்ல ஏத்திடலாமா சார்?" என்றான். வாட்டர் வாஷ் பையன் தினமும் தண்ணீர் விட ஆரம்பித்தான். நான் காலையில் சீக்கிரம் வந்து யாரும் பார்க்காமல் பிடுங்கிப் போடுவேன். மழை பெய்தால் இன்னொரு இடுக்கில் முளைக்கும். என் பொய்க்கு இவ்வளவு நல்ல விளைச்சல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒருநாள் நான் பிடுங்குவதற்குள் டீச்சர் வந்துவிட்டார். ஏரியா மேனேஜரும் அங்கே இருந்தார். டீச்சர் இடது கையால் ஒரு நாற்றை வேரோடு எடுத்துப் பார்த்தார்.

"எங்க பக்கம் நெல்லும் கரும்பும்தான் சார். மக்காச்சோளம் எங்க வண்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

ஏரியா மேனேஜர் என்னைப் பார்த்தார். கொட்டகை முழுக்க என்னைப் பார்ப்பது போல இருந்தது.

"அணில் டீச்சர்" என்றேன்.

"அணிலா?"

"ஆமா டீச்சர். நம்ம கொட்டகையில நெறைய."

அவர் நாற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆடி மாதம் கம்பெனி 'இலவசப் பரிசோதனை முகாம்' நடத்தியது. வண்டிக்கு வண்டி ஹோஸை மாற்றிவிட்டு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். எதற்கு மாற்றுகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ கம்பெனியும் கண்டுபிடித்திருக்கிறது. யானைகள் அதன்பிறகு ஒழுங்காக நின்றன. கட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வேலை இழந்தார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் செந்துறையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். டீக்கடை முன்னால் தங்கராசுவின் யானை வந்தது. வேகம் குறைந்ததும் பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவன் குதித்தான், கூடவே ஓடினான், சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளினான். சட்டையின் மேல் பித்தான் வரை போட்டிருந்தான்.

"சார், நல்லா இருக்கீங்களா?" என்று சவரிமுத்து கும்பிட்டான்.

"ஹோஸ் மாத்தியாச்சே. இன்னும் எதுக்கு இது?" என்று கட்டையைக் காட்டிக் கேட்டேன்.

"வண்டிக்குத் தேவையில்ல சார். எனக்குத்தான் தேவை. பழைய பெரியவரு ஊரோட போயிட்டாரு. மொதலாளி எரக்கப்பட்டு வச்சிருக்காரு. ஓட்டத்தான் யாரும் வுட மாட்டேங்கறாங்க. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு பேராயிடுச்சுல்ல." பிறகு தயங்கிச் சொன்னான். "எனக்கே தெரியல சார். தூக்கத்துல கூடக் கால் ரெண்டு பக்கமும் போயிப் போயிப் பாக்குது."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காது குத்து, வாழைத்தார், சோளம், ஹோஸ், அணில் வரை. சவரிமுத்து குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கராசு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப இவன் பிரேக்கத்தான் மிதிச்சானா?"

"பிரேக்கத்தான் மிதிச்சான்."

"இத என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"அதுக்குத்தான் கூட்டிட்டுப் போகச் சொல்றேன். இவன் ஓட்டட்டும்."

தங்கராசு யோசித்தார். "நீங்க சொல்றது பொய்யாப் போச்சுன்னா?"

"கட்டைய எங்கிட்டக் குடுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

சவரிமுத்து ஓட்டினான். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் வெகு தூரத்திலேயே மிதித்தான். தங்கராசு முன்சீட்டில் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றபடி வந்தார். நான் பின்சீட்டில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, கட்டையை மடியில் வைத்திருந்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அரியலூர் தாண்டியதும் தங்கராசு பிடியை விட்டுவிட்டார். திருமானூருக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார்.

ஏலாக்குறிச்சியில் டீச்சர் வீட்டு வாசலில் வண்டி மெதுவானது. நான் கதவைத் திறந்து குதித்தேன். இந்த வயதில் குதிப்பது என்று சொல்லக் கூடாது, இறங்கினேன். சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது டீச்சர் கேட்டருகே நின்றிருந்தார். அங்கேயே, ரோட்டிலேயே நின்று சொன்னேன்.  சொல்லி முடித்த பிறகு அவர் கேட்டார்.

"அணிலுன்னு சொன்னீங்களே சார்."

"அணில் இல்ல டீச்சர். நான்தான்."

என்னை உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. டிரைவர் சீட்டில் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சவரிமுத்துவைப் பார்த்தார். நேராகத் திரும்பாமல் கோணலாகவே நின்றுவிட்ட அந்த வலது கையைத் தூக்கி வேப்பமரத்தைக் காட்டினார்.

"சவரி, வெயில்ல நிறுத்தியிருக்க பாரு. அங்க நெழல்ல போட்டுட்டு, கையக் காலக் கழுவிட்டு உள்ள வா. சாப்புடல்ல?"

"இல்ல டீச்சர்."

கட்டை இருந்தால் வண்டி நகராது. நான் குனிந்து எடுத்தேன். அவன் பின்னால் எடுக்க எடுக்க, கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தேன். மரத்தடியில் மெத்தென்று நின்றது. நான் மறுபடி குனிந்து கட்டையை அடியில் வைத்தேன்.

"போதும் சார், எடுத்துடுங்க" என்று தங்கராசு கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னார். "பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது."

"இருக்கட்டும்" என்றேன்.